நாக்கு மேஸ்திரியும் கடுக்காய் தின்ற லாரியும்

ஆம்பூருக்கும் ஆற்காட்டுக்கும் நடுவே அந்தக் காலத்தில் ஓடிய லாரிகளில், நாக்கு மேஸ்திரி நக்கிப் பார்க்காத பின் அச்சு ஒன்றுகூடக் கிடையாது. அப்போது இந்தப் பக்கத்தில் இருந்த லாரிகளே ஒரு கை விரலுக்குள் அடங்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் பொய் சொல்லி முடித்த வயது இது.

அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. தோல் பதனிடும் ஷாப்பில் ஆள் வருகைப் புத்தகம் எழுதியவனே நான்தான். அதிலும் ‘மேஸ்திரி’ என்றுதான் எழுதினேன். முகம்கூடப் பலருக்குத் தெரியாது. பகல் முழுக்க லாரிக்கு அடியில் மல்லாந்து கிடக்கிறவருக்கு முகம் எதற்கு? ஊர் அறிந்தது வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு பாதங்களைத்தான். நாங்கள் அந்தப் பாதங்களைப் பார்த்துப் பேசுவோம். அவர் எங்கள் செருப்பைப் பார்த்துப் பதில் சொல்வார். முதலாளியான பெரிய சாயபு வந்தால் மட்டும் பாதங்கள் இரண்டும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். அது மரியாதை.

பின் அச்சின் நடுவில் குடம்போல உப்பிய ஒரு கூடு இருக்கும். அதற்குள் இருப்பது டிஃபரன்ஷியல். அது எதற்கு என்று சாயபு ஒருநாள் கேட்டார். நான் ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்து அரை மணி நேரம் விளக்கினேன். சாயபு கொட்டாவி விட்டார். லாரிக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

“ரெண்டு ஆளு ஒரு மூங்கில்ல தோல் சொமந்துக்கினு தெரு முனைல திரும்பறாங்க. வெளிப்பக்கம் இருக்கறவன் ஓடணும், உள்பக்கம் இருக்கறவன் மெதுவா வரணும். நடுவுல ஒருத்தன் ரெண்டு பேரையும் சமாதானம் பண்ணலன்னா மூங்கில் ஒடியும். அந்த நடு ஆளுதாங்க இது.”

சாயபுவுக்குப் புரிந்துவிட்டது. எனக்கு மேஸ்திரியைப் பிடிக்காமல் போனது அன்றுதான்.

அவருடைய கருவிகள் இரண்டு. ஒன்று உலக்கை. லாரி ஓடும்போது தளத்தில் ஒரு பலகையைப் பெயர்த்து, உலக்கையின் ஒரு முனையைக் கூட்டின்மேல் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்துக்கொண்டு தோல் கட்டுகளுக்கு நடுவே அசையாமல் படுத்திருப்பார். ஒருமுறை ஆம்பூர்க் கடைத்தெருவில், பிணம் போகிறது என்று நினைத்துக் கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். இழுவையில் முனகினால் பினியன் என்கிற பல்சக்கரம், வளைவில் மட்டும் பல்லைக் கடித்தால் உள்ளே இருக்கும் சின்னச் சக்கரம், எப்போதும் உறுமினால் பேரிங். அப்படித்தான் அவர் பிரித்து வைத்திருந்தார்.

இரண்டாவது கருவி நாக்கு. கூட்டிலிருந்து ஒரு சொட்டு எண்ணெயை விரலில் தொட்டு நாக்கில் வைப்பார். ‘பித்தளை’ என்பார். திறந்து பார்த்தால் பேரிங்கின் பித்தளைக் கூண்டு பொடிப்பொடியாகக் கிடக்கும். நான் அதைத் தற்செயல் என்றேன். பத்தாவது தடவையும் தற்செயல் என்றே சொன்னேன். படித்தவனுக்கு அந்த வசதி உண்டு.

இனி என் கதை. ஷாப்பில் எனக்கு ரைட்டர் வேலை. சாயபுவுக்கு இரண்டாவதாக ஒரு லாரி வேண்டியிருந்தது. சென்னைக்குப் போய்ப் பழைய வண்டி ஒன்றைப் பார்த்து, “முதல் தரம்” என்று சான்று சொல்லி வாங்கி வந்தவன் நான். மேஸ்திரியை அழைத்துப்போகும்படி சாயபு சொல்லியிருந்தார். நக்கிப் பார்க்கிறவரோடு சென்னைக்குப் போவதா என்று நான் தனியாகப் போனேன்.

வண்டி ஆம்பூருக்குள் நுழையும்போதே ஊளையிட்டது. மேஸ்திரி உலக்கையோடு ஒரு நடை போய்வந்து, பினியன் பேரிங் தேய்ந்துவிட்டது, பல்லும் சரியாகக் கவ்வவில்லை, பத்து நாள் நிறுத்திப் பிரிக்க வேண்டும் என்றார். சாயபு கோபக்காரர் இல்லை. அதனால் அவர் சொன்னது இன்னும் பயமாக இருந்தது. வண்டி கெட்ட வண்டி என்றால் வாங்கினவன் போகட்டும், நல்ல வண்டியை மேஸ்திரி கெடுத்தால் மேஸ்திரி போகட்டும் என்றார். எனக்கு அப்போதுதான் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

கூட்டுக்குள் மரத்தூளைப் போட்டுச் சத்தத்தை அடக்கிப் பழைய வண்டியை விற்கிறவர்கள் உண்டு என்று அரக்கோணத்தில் ஒரு டிரைவர் சொல்லிக் கேட்டிருந்தேன். என்னிடம் விற்றவர் ஏன் அதைக்கூடச் செய்யவில்லை என்றால், என்னைப் பார்த்ததும் தேவையில்லை என்று தோன்றியிருக்கும். எங்கள் ஷாப்பில் மரத்தூள் இல்லை. தோல் பதனிட அரைத்து வைத்த கடுக்காய்த்தூள் மலைபோல் குவிந்திருந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் சாயபுவும் பாதி ஆட்களும் தொழுகைக்குப் போயிருந்தார்கள். மேஸ்திரி சாப்பிடப் போயிருந்தார். நான் ஒரு கடிதத்தாளைப் புனலாகச் சுருட்டி, எண்ணெய் ஊற்றும் துளை வழியாக இரண்டு படி கடுக்காய்த்தூளை உள்ளே இறக்கினேன்.

சத்தம் நின்றது. சாயபு ஏறி ஒரு சுற்றுப் போய்வந்து என் முதுகில் தட்டினார். அன்றிலிருந்து மேஸ்திரியை ஷாப்பே கேலி செய்தது. வண்டி உங்க மூஞ்சியப் பாத்துதான் அழுதுச்சு மேஸ்திரி, ரைட்டரப் பாத்ததும் நிறுத்திக்கினு இருக்குது என்றார்கள். அவர் சந்தேகப்பட்டது வண்டியை அல்ல, தன் காதை. மூன்று வாரம் தினமும் காதில் காய்ச்சிய நல்லெண்ணெய் விட்டுக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது என்பதையும் எழுத வேண்டியிருக்கிறது.

அரக்கோணம் ரயில் சந்திப்பில் வந்து இறங்கிய உப்புப் போட்ட, இன்னும் பதனிடாத பச்சைத்தோலை ஏற்றிக்கொண்டு ஒருநாள் திரும்பினோம். முன்னால் சாயபுவும் நானும் டிரைவரும்; பின்னால் தோலோடு தோலாக மேஸ்திரியும் உலக்கையும். சத்துவாச்சாரியில் ஒரு கல்யாணப் பந்தலுக்கு எதிரே மடாரென்று ஒரு சத்தம். பின் சக்கரங்கள் பூட்டிக்கொண்டன.

பச்சைத்தோலின் வாசனை தெரியாதவர்களுக்கு அதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. முதலில் நிறுத்தியவர் நாயனக்காரர். அவர்தான் மூச்சை இழுத்தாக வேண்டியவர். பிறகு பந்தியில் உட்கார்ந்தவர்கள் எழுந்தார்கள். பெண்ணைப் பெற்றவர் ஓடிவந்து சாயபுவின் கையைப் பிடித்துக்கொண்டார். வண்டியை நகர்த்துங்கள், மாப்பிள்ளை வீட்டார் புறப்படுகிறார்கள் என்றார்.

மேஸ்திரி அடியில் புகுந்தார். கூட்டிலிருந்து எண்ணெய்க்குப் பதிலாகக் களி வந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னொரு முறை வைத்தார். அப்புறம் மெல்லத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

“ஏன் ரைட்டரே,” என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. “லாரிக்கு மலச்சிக்கல்னு யாரு சொன்னது?”

வெளியே சாயபு கேட்டார், “இன்னா மேஸ்திரி, யாரு மேல தப்பு?”

பாதங்கள் இரண்டும் ஒட்டிக்கொண்டன.

“என் தப்புதாங்க. சத்தம் நின்ன அன்னிக்கே தெறந்து பாத்திருக்கணும். பாக்கல.”

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

இரண்டு அச்சுத்தண்டுகளையும் உருவி எடுத்துச் சக்கரங்களை விடுவித்தார். பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் மூக்கைப் பிடித்த கையோடு சேர்ந்து தள்ளினார்கள். இரண்டு குடும்பமும் ஒற்றுமையாகச் செய்த முதல் காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

தள்ளிக்கொண்டு போகும்போது, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று மேஸ்திரியிடம் கேட்டேன்.

“எனக்கு எந்த ஊர்ல அச்சு ஒடஞ்சாலும் சோறு உண்டு,” என்றார். “நீங்க இந்த ஷாப்ப உட்டா இன்னா பண்ணுவீங்க? படிச்சவராச்சே, பாவம்.”

வேலை போன பிறகும் பத்து நாள் இருந்து அந்த வண்டியைச் சரிசெய்தார். புதுப் பற்களில் விளக்கெண்ணெயில் குழைத்த குங்குமத்தைத் தடவிச் சுற்றிப் பார்த்து, பல்லின் நடுவில் பொட்டு விழும்வரை தகடு வைத்தும் எடுத்தும் கூட்டைப் பொருத்தினார். வண்டி மூச்சு விடாமல் ஓடியது. அதற்கும் பாராட்டு எனக்கே வந்தது. கல்யாணம் நடந்தது. மானேஜர் ஆனேன். சாயபு கண்ணை மூடும்வரை அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, ஆற்காட்டில் ஒரு கொட்டகையில் அவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு மன்னிப்புக் கேட்கப் போனேன். லாரிக்கு அடியில் அந்தப் பாதங்கள். பக்கத்தில் போய் நின்றேன்.

“ரைட்டரே, அந்தப் பெரிய ஸ்பேனர எடுங்க,” என்றது குரல். என் செருப்பை அவர் மறக்கவில்லை.

எடுத்துக் கொடுத்தேன். அடுத்ததும் கேட்டார், கொடுத்தேன். மன்னிப்புக் கேட்கப் போனவன் சாயங்காலம் வரை ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பினேன். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

இன்றைக்கும் சாலையோரம் நிற்கிற லாரிக்கு அடியில் இரண்டு பாதங்கள் தெரிந்தால், என் செருப்பு அவர் கண்ணில் படும் தூரத்தில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் போகிறேன்.