கடல் வாசலும் இருபது சால்வைகளும்

"செங்கல் வச்சுக் கட்டிருவம்" என்று பாதர் றெஜினோல்ட் சொன்னபோது ஸ்தனிஸ்லாஸ் மெழுகுதிரித் தண்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். துணி கையிலேயே நின்றுவிட்டது.

"எதைப் பாதர்?"

"கடல் பக்கக் கதவை. ஆயர் இல்லத்தில இருந்து போன் வந்தது. இங்க சனிக்கிழமைப் பூசைக்கு ஆக்கள் அரைகுறை உடுப்போட வாறதாம். ஆரோ கடிதம் எழுதியிருக்காங்க. மூண்டாம் சனி ஒரு பெரிய பாதர் பாக்க வாறார். அப்பவும் இதே நிலைமை எண்டால் அந்தக் கதவை மூடிப்போட்டு, ரோட்டுப் பக்கத்தால மட்டும் ஆக்களை எடுக்கச் சொல்றாங்க."

"எந்த ஆக்கள் எண்டு சொன்னாங்களா?"

"சொல்லல்ல. சொல்லவும் வேணுமா?"

பாதர் திறந்திருந்த கதவால் வெளியே பார்த்தார். இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள், இரண்டு துண்டு நீச்சல் உடையில், கடலில் இழுத்து ஓடும் பெரிய பட்டமொன்றை மணலில் விரித்துக்கொண்டிருந்தார்கள். ஸ்தனிஸ்லாஸும் பார்த்தார். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் பீடத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

கண்டக்குழிக் கரையில் இருந்த அந்தச் சின்னக் கோவிலில் சனிக்கிழமைகளில் மட்டும் காலை எட்டரைக்குப் பூசை. கரைவலை இழுப்பவர்கள் முதல் இழுவையை முடித்துக்கொண்டு கடல் வாசலால் நேரே உள்ளே வருவார்கள். பூசை முடிந்ததும் அதே வாசலால் இறங்கி அடுத்த இழுவைக்குப் போவார்கள். ரோட்டால் வருவதென்றால் லொட்ஜ்களின் வேலிகளைச் சுற்றி முக்கால் மைல் நடக்கவேண்டும். அவ்வளவு தூரம் நடந்து வந்து கும்பிடுகிற அளவுக்கு அந்தக் கரையில் எவருக்கும் பக்தி முற்றவில்லை என்பது ஸ்தனிஸ்லாஸுக்குத் தெரியும்.

அவர் அந்தக் கோவிலின் சங்கிலித்தாம். திறப்பது, பூட்டுவது, மணியடிப்பது, பூசைக்கு ஆயத்தம் செய்வது எல்லாம் அவர்தான். மற்ற நேரத்தில் அவரும் வலை இழுப்பவர். கடல் வாசல் கதவின் உட்பக்கத்தில், கடலுக்குப் போய்த் திரும்பாத ஆறு பேரின் பெயர்களை உளியால் வெட்டியிருந்தார்கள். ஐந்தாவது, அவருடைய தம்பி கிறகோரியின் பெயர். விடியற்காலையில் அந்தக் கதவைத் தள்ளும்போது அவர் கை அந்த இடத்தில்தான் படும். அதைப்பற்றி அவர் ஒருவரிடமும் கதைத்ததில்லை.

"கதவை மூட விடமாட்டன் பாதர்" என்றார். "மூண்டு சனி தாங்க."

உடுப்பு விஷயத்தில் ஸ்தனிஸ்லாஸ் ஏற்கெனவே பேர் எடுத்தவர். முந்திய வருடத் திருநாள் கலைவிழாவில், பிள்ளைகள் சினிமாப் பாட்டுக்கு இடுப்பை ஆட்டத் தொடங்கியதும் மெயின் சுவிட்சை அணைத்தவர். 'சரீரம் பரிசுத்த ஆவியின் கோவில், கோவிலுக்குச் சுவர் வேணும்' என்பது அவர் அடிக்கடி சொல்வது.

"சுவருக்கு ஒரு யன்னலாவது வைங்க, மூச்சு முட்டப்போகுது" என்பாள் அவர் மனைவி பெலிசியா.

அந்தச் சனிக்கிழமை பாதரின் பிரசங்கமும் அதைப்பற்றித்தான் இருந்தது. "போனைத் திறந்தா பாட்டு, பாட்டைத் திறந்தா உடம்பு. சவுக்காரம் விக்கவும் உடம்பு, படம் ஓடவும் உடம்பு. ஆண்டவர் ஒரு ஆளாப் படைச்சதை நாங்க ஒரு காட்சியா ஆக்கிப்போட்டம். அடக்கம் எண்டது உடுக்கிறவர்ட கடமை மட்டும் இல்ல, பாக்கிறவர்ட கடமையும்தான்."

ஸ்தனிஸ்லாஸ் பலமாகத் தலையாட்டினார். யன்னலோரம் நின்ற இளந்தாரிகளைப் பார்த்து இன்னொரு முறை ஆட்டினார். பூசை முடிந்ததும் கடைசி வரிசையைக் காட்டிச் சொன்னார்: "அந்த மேடத்தைப் பாருங்க. அவவும் வெள்ளைக்காரிதான்."

அவர் காட்டியது போலந்து நாட்டு மேடத்தை. காற்றுக் காலத்தில் மூன்று மாதம் லொட்ஜில் வந்து தங்குபவர். ஒரு சனிக்கிழமையும் தவறமாட்டார். மணிக்கட்டு வரை கை, கணுக்கால் வரை பாவாடை. பூசை தொடங்கி முடியும்வரை குனிந்த தலை நிமிராது.

முதல் வேலையாக ஸ்தனிஸ்லாஸ் ஒரு பலகை வைக்கத் தீர்மானித்தார். எந்தப் பாஷையில் எழுதினாலும் எவருக்கோ விளங்காது என்பதால் படமாகப் போடுவதே நல்லது என்று நினைத்தார். கற்பிட்டியில் த்ரீவீல்களின் பின்பக்கத்துக்குப் படம் கீறும் ஃபைஸலிடம் போனார்.

"ஒரு பொம்பள. கையில்லாத சட்டை, கட்டைக் காற்சட்டை. குறுக்கால ஒரு சிவப்புக் கோடு. அவ்வளவுதான் தம்பி."

"செஞ்சி தாறன் அண்ணன். யோசிக்காதீங்க."

பதினொரு வருடமாகச் சினிமா நடிகைகளை மட்டுமே கீறிவந்த ஃபைஸலுக்கு வேறு விதமாக ஒரு பெண்ணைக் கீற வரவில்லை. திங்கட்கிழமை வந்த பலகையில் ஒருத்தி இடுப்பில் கைவைத்து, கழுத்தைச் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். சிவப்புக் கோடு அவளுக்குப் பின்னால் போனது.

"கோடு முன்னுக்கு வரணுமே தம்பி."

"முன்னுக்குப் போட்டா மொகம் பழுதாப் பெயித்திரும் அண்ணன்."

அன்று பின்னேரம் செபமாலைக்கு ஒரு நாளும் வராத ஒன்பது இளந்தாரிகள் கோவில் வாசலில் நின்றார்கள். ஒருவன் பலகையோடு சேர்ந்து படம் எடுத்தான். கணவருக்குத் தேத்தண்ணி கொண்டுவந்த பெலிசியா, பலகையை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தாள்.

"இவ ஆரு?"

"போர்ட்."

"போர்ட்டுக்கு இவ்வளவு இடுப்பு எதுக்கு?"

ஸ்தனிஸ்லாஸ் ஃபைஸலைத் திரும்பக் கூப்பிட்டு, கழுத்திலிருந்து கால்வரை வெள்ளைப் பெயின்ற் அடிக்கச் சொன்னார். ஃபைஸல் கைவசமிருந்த பெயின்ற்றைத் தண்ணியாகக் கரைத்து ஒரு பூச்சுப் பூசினான். காய்ந்தபோது வெள்ளைக்குள்ளால் எல்லாம் தெரிந்தது. மழைப் பாட்டில் நனைந்து நிற்கிறவள் போல இருந்தாள். செவ்வாய்க்கிழமை பதினான்கு பேர் வந்தார்கள்.

புதன்கிழமை பலகையைக் கழற்றி, பூசை உடுப்பு வைக்கும் அறையில் சுவரைப் பார்க்க வைத்தார். பாதர் எதையோ தேடும்போது அதைத் திருப்பிப் பார்த்தார். மெதுவாகத் திருப்பி, முன்பு இருந்தபடியே சுவரைப் பார்க்க வைத்தார்.

அடுத்து ஸ்தனிஸ்லாஸ் போனது தையல்கார ரிஃப்காவிடம். அவள் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"இதுக்கா இவ்வளவு கவல? எங்கட பள்ளிவாசலப் பாக்கவும் இவங்க வாறாங்கதானே. வாசல்ல ஒரு அங்கி குடுப்பாங்க. போட்டுக்கிட்டுப் பாத்துட்டுப் போவாங்க. நான் இருவது சால்வ அடிச்சித் தாறன். வெட்டுத் துணி கெடக்கு."

வெட்டுத் துணி என்று அவள் சொன்னது கலியாண உடுப்புகளில் மிஞ்சிய துணி. ரோஸ், பச்சை, கத்தரிப்பூ நிறம். எல்லாவற்றுக்கும் பொன் கரை.

இரண்டாம் சனி, ஸ்தனிஸ்லாஸ் சால்வைகளைத் தோளில் போட்டுக்கொண்டு கடல் வாசலில் நின்றார். கடற்கரையிலிருந்து எட்டிப்பார்க்க வந்த பதினொரு பெண்களையும் மறித்து, கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொண்டே ஒவ்வொருவருக்கும் போர்த்திவிட்டார். அவர்கள் பொன் கரையைத் தடவிப் பார்த்தார்கள். கோவில் சுவரில் சாய்ந்து நின்று படம் எடுத்தார்கள். கை கூப்பினார்கள். போகும்போது நாலு சால்வைகள் அவர்களோடு போய்விட்டன. ஆனாலும் பூசை நேரத்தில் ஒரு வெறுந்தோள்கூட உள்ளே தெரியவில்லை. அவர் அன்று நிம்மதியாகச் சாப்பிட்டார்.

திங்கட்கிழமை பின்னேரம் இருபத்துமூன்று பேர் வந்தார்கள். செவ்வாய்க்கிழமை நாற்பது பேர். சால்வை போர்த்திப் படம் எடுப்பதற்காகவே வந்தவர்கள் என்பதால், உள்ளே வேறு ஒன்றும் உடுத்து வரவேண்டிய தேவை அவர்களுக்கு இருக்கவில்லை. கடலிலிருந்து ஏறிய கோலத்தில் வாசலில் வரிசையாக நின்றார்கள். அவர்களைப் பார்க்க எலுவன்குளத்திலிருந்தும் மோட்டார் சைக்கிளில் ஆட்கள் வந்தார்கள்.

லொட்ஜில் வேலை செய்யும் நௌஃபரைப் பிடித்து ஸ்தனிஸ்லாஸ் கேட்டார்: "ஏன் தம்பி எல்லாரையும் இங்க அனுப்புறீங்க?"

"நாங்க அனுப்பல்ல அண்ணன். அவங்களே கேக்குறாங்க. அதான் நோட்டீஸ் போர்டுல போட்டிருக்கம். காலம திமிங்கிலம், பகல் பட்டம், நாலு மணிக்கு கோவில்ல உடுப்பு."

அன்றிரவு பெலிசியா போனை அவர் முகத்துக்கு முன்னால் நீட்டினாள். யாரோ எடுத்த வீடியோ. அவர் ஒரு பொன்நிறத் தலைமுடிக்காரியின் தோளில் ரோஸ் சால்வையைப் போர்த்துகிறார். எல்லாம் மெதுவாக நடக்கிறது. பின்னால் ஒரு காதல் பாட்டு. மேலிருந்து பூ விழுகிறது.

"பூ நான் போடல்ல" என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

"சிலாபத்தில இருக்கிற என்ட தங்கச்சிதான் அனுப்பினவ. அவவுக்கு ஆர் அனுப்பினதெண்டு கேக்கல்ல." பெலிசியா போனை அணைத்தாள். "இருபத்தெட்டு வருஷத்தில ஒரு நாள், ஒரே ஒரு நாள், எனக்கொரு துவாய் எடுத்துத் தந்திருக்கீங்களா?"

புதன்கிழமை அவர் சால்வைகளை அலுமாரியில் வைத்துப் பூட்டினார். வந்தவர்கள் திரும்பிப் போகவில்லை. சால்வை வரும் என்று நினைத்துக் கோவிலுக்குள்ளேயே, வந்த கோலத்தில், வாங்குகளில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். செபமாலைக்கு வந்த பெண்கள் வாசலோடு திரும்பினார்கள்.

சனிக்கிழமைக்கு இன்னும் இரண்டே நாள். அவர் திரும்பவும் நௌஃபரிடம் போனார்.

"சனிக்கிழமை காலம மட்டும் ஒருத்தரும் வராமச் செய்ய ஏலாதா தம்பி?"

நௌஃபர் யோசித்தான். "வேற ஒரு பயணம் குடுக்கணும் அண்ணன். டொல்பின் காட்டக் கூட்டிக்கொண்டு போகலாம். எங்கட வள்ளம் காணாது. உங்கட ஆக்கள் வருவாங்களா?"

கோவில் வேலைக்கு ஆள் கேட்டால் தலை மறைகிற இளந்தாரிகள், இதற்கு ஏழு வள்ளங்களோடு வந்தார்கள். பாட்டுக் குழுவில் இருந்த ஆண்கள் அத்தனை பேரும் அதில் இருந்தார்கள். கலியாணம் கட்டிய நாலு பேரும் இருந்தார்கள். வெள்ளிக்கிழமை அந்த நாலு பேரின் மனைவிமாரும் ஸ்தனிஸ்லாஸின் வீட்டுக்கு வந்து முற்றத்தில் நின்றார்கள்.

"கோவிலுக்குள்ள பத்தடி தள்ளி நிண்டதை வள்ளத்துக்குள்ள கொண்டுபோய்ப் பக்கத்தில இருத்திப்போட்டீங்களே அண்ணன்" என்றாள் ஒருத்தி.

"கதவை மூடப்போறாங்க பிள்ளை" என்று மட்டும் சொன்னார் ஸ்தனிஸ்லாஸ். அவர் குரலைக் கேட்டு அவர்கள் பேசாமல் போய்விட்டார்கள்.

மூன்றாம் சனி காலை கடற்கரை வெறிச்சோடிக் கிடந்தது. கரைவலை வள்ளத்தைத் தவிர மற்ற வள்ளங்கள் எல்லாம் டொல்பினுக்குப் போய்விட்டன. பட்டம் ஒன்றையும் காணவில்லை. ஸ்தனிஸ்லாஸ் விடியற்காலையிலேயே வாசலைப் பெருக்கிவிட்டு வலைக்குப் போனார். எட்டேகாலுக்கு ஓடிவந்து மணியடித்தார். இழுவையிலிருந்து நேரே வந்த பதினேழு பேரும், இடுப்பில் ஈரச் சாரமும் முதுகில் உப்பும் மணலுமாக, வழக்கம்போல முன்வரிசையில் முழந்தாளிட்டார்கள். அவரும் அதே கோலத்தில் அவர்களோடு முழந்தாளிட்டார். பெண்கள் எல்லோரும் சேலையில் வந்திருந்தார்கள். கடைசி வரிசையில் போலந்து மேடம், நௌஃபர் கொண்டுவந்து விட்டபடி, குனிந்த தலையோடு இருந்தார்.

ஆயர் இல்லத்திலிருந்து வந்த பெரிய பாதர் பீடத்தின் ஓரமாக ஒரு கதிரையில் இருந்து, பூசை முடியும்வரை ஒரு சின்னக் கொப்பியில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். ஸ்தனிஸ்லாஸ் திரும்பித் திரும்பிக் கடல் வாசலைப் பார்த்தார். ஒரு நாய்கூட உள்ளே வரவில்லை.

பூசை முடிந்ததும் பாதர் றெஜினோல்ட் முன்னே வந்தார். "எல்லாம் ஒழுங்குபடுத்தியாச்சு பாதர். இவர்தான் எங்கட சங்கிலித்தாம். இவர்ட முயற்சிதான்."

பெரிய பாதர் ஸ்தனிஸ்லாஸைப் பார்த்தார். கொப்பியைப் பார்த்தார். "கடிதம் எழுதினவங்களும் இங்கதான் இருக்கிறாங்க. திருப்தியா எண்டு அவங்களிட்டயே கேப்பம்" என்று கடைசி வரிசையைப் பார்த்தார்.

போலந்து மேடம் எழும்பினார். ஸ்தனிஸ்லாஸுக்கு அது ஆச்சரியமாக இருக்கவில்லை. இப்படிப்பட்ட ஒரு மனிசிதான் அப்படி ஒரு கடிதம் எழுதியிருக்க முடியும் என்று பட்டது. அவர் எழும்பி நின்று, நெஞ்சில் கையை வைத்து, மேடத்துக்குத் தலை வணங்கினார்.

மேடம் சடாரென்று முகட்டைப் பார்த்துக்கொண்டார். முகம் சிவக்கச் சிவக்க, முகட்டைப் பார்த்தபடியே ஆங்கிலத்தில் நிறையச் சொன்னார். பாதர் றெஜினோல்ட்டின் காது சிவந்தது. பெரிய பாதர் இருமினார். ஸ்தனிஸ்லாஸுக்கு அதில் கதவு என்ற சொல் மட்டும்தான் விளங்கியது.

வாசலில் செருப்போடு நின்ற நௌஃபரிடம் கேட்டார்: "தம்பி, கதவை என்னவாம்?"

நௌஃபர் மணலைப் பார்த்தபடி சொன்னான்.

"கதவு தொறந்தே இரிக்கட்டுமாம் அண்ணன், அவங்க எழுதினது வெள்ளைக்காரப் புள்ளையளப் பத்தி இல்லயாம், மேலுக்கு ஒண்டும் போடாம முன்வரிசையில வந்து நிக்கிற உங்கள் பதினெட்டுப் பேரப் பத்தித்தானாம்."