பயம் போன மானுக்குப் பொன்னாடை

ஒரு காட்டில், அதாவது உப்புக்கல் நக்குவதற்குக்கூடச் சான்றிதழ் கேட்கிற அளவுக்கு முன்னேறிவிட்ட ஒரு காட்டில், செவந்தி என்றொரு புள்ளிமான் இருந்தாள். சருகு சரசரத்தால் போதும், மேய்ச்சலைப் போட்டுவிட்டு ஓடுவாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. குட்டியாக இருந்தபோது ஆற்றுத்துறையில் மூங்கில் சருகு சரசரத்தது. அடுத்த நொடி புலி பாய்ந்தது. செவந்தி தப்பினாள். அக்காள் தப்பவில்லை.

இப்போது அவள் பால் கொடுக்கிற தாய். உப்பில்லாமல் மடி வற்றிக்கொண்டே வந்தது. உப்புக்கிடங்கின் குமாஸ்தாவான கருங்குரங்கு, சன்னலுக்குள்ளிருந்து தலையைத் தூக்காமலே சொன்னது:

"வரிசையில நிக்கிறப்ப மிரண்டு ஓடி நாலு பேரை மிதிக்கிறே. பயமில்லைன்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாம்மா."

டாக்டர் என்றால் நரிதான். நாவல் மரத்தடியில் 'பயம் போக்கும் முகாம்' நடத்திக்கொண்டிருந்தது.

"உன் மண்டைக்குள்ள பாதாம்பருப்பு அளவுல ஒரு இடம் இருக்கு தாயி," என்றது நரி. "அது சருகுச் சத்தத்துக்கும் புலிக்கும் என்னைக்கோ கல்யாணம் பண்ணி வச்சிருச்சு. நான் அத்து விட்டுர்றேன். ஏழே நாள்."

முறை எளிது. நரி மணியடிக்கும், சருகைக் கிளறும். ஓலைத் தட்டிக்குப் பின்னாலிருந்து புலி வாடை வரும். புலி படுத்த கந்தல் என்று செவந்தியிடம் சொல்லியிருந்தார்கள். உண்மையில் அங்கே உட்கார்ந்திருந்தது புலியேதான். கிழடு, துரத்திப் பிடிக்கத் தெம்பில்லை. முகாமுக்குப் புரவலரும் அதுதான். வாடை வரும், ஆனால் ஒன்றும் பாயாது. செவந்தியின் நாக்கில் ஒரு சிட்டிகை உப்பு விழும். தட்டிக்குப் பின்னால் புலியும் சும்மா கிடக்க வேண்டுமே! அதற்கு மணி அடிக்கும்போதெல்லாம் ஒரு துண்டு கறி, நரியின் கையாலேயே.

அவளுடைய நெஞ்சுத் துடிப்பைக் கேட்டு, துடிப்புக்கு ஒரு கொத்தாக மரத்தில் பதிவு செய்தது மரங்கொத்தி. முதல் நாள் அதன் அலகு மழுங்கிப்போயிற்று. ஏழாம் நாள் கொத்துக்குக் கொத்து நடுவில் தூங்கி வழிந்தது.

செவந்தியால் நம்பவே முடியவில்லை. சருகு சரசரத்தால் இப்போது எச்சில் ஊறியது.

"பழசெல்லாம் அழிஞ்சிருச்சா டாக்டர்?"

"சுத்தமா," என்றது நரி.

ஞாபகம் அப்படியெல்லாம் அழிகிற சரக்கில்லை. சத்தம் காட்டாமல் படுத்துக் கிடக்கும், அவ்வளவுதான். நரி செய்ததெல்லாம் அதன்மேல் ஒரு புதுத் தாளை ஒட்டியதுதான். அந்தப் பசையும் நாவல் மரத்தடியில்தான் பிடிக்கும். இது நரிக்கே தெரியாது. கடைசி மூன்று பாடங்களைப் படிக்காமல் டாக்டரானது அது.

அதனால்தான் சான்றிதழ் விழாவை ஆற்றுத்துறையில் வைத்தது. மரத்தடியில் ரத்தம் சிந்தினால் அடுத்த முகாமுக்கு ஆள் சேராதல்லவா?

சிறப்பு விருந்தினர் நாற்காலியில் புலி. செவந்தி பார்த்தாள். பழகிய வாடைதான். மரியாதையாகத் தலையசைத்துவிட்டுச் சான்றிதழை வாயில் கவ்விக்கொண்டாள்.

"ஐயா பொன்னாடை போர்த்துவார். கழுத்தைக் குனிஞ்சு காட்டு தாயி."

குனிந்தாள். புலி போர்த்தியது. போர்த்திவிட்டுச் சும்மா நின்றது.

"பாயுங்கய்யா!" நரி காதைக் கடித்தது.

"மணி அடிக்கலியே," என்றது புலி. ஏழு நாள் பழக்கத்தில் மணி கேட்டால்தான் அதற்குப் பசியே எடுக்கும்.

நரி பைக்குள் கைவிட்டு, படிவங்களுக்கு அடியில் கிடந்த மணியைத் துழாவியது. அந்த நேரம் பார்த்துக் காற்று வீசியது. ஈர மணல் வாசம். மூங்கில் சருகு சரசரத்தது. பொன்னாடைக்கு எப்படி நன்றி சொல்வது என்று செவந்தி யோசித்துக்கொண்டுதான் இருந்தாள். அவளுடைய கால்கள் அதற்குள் பாதி ஆற்றைத் தாண்டியிருந்தன.

நரி பதறிப்போய் மணியை அடித்தது.

அக்கரை ஏறிய செவந்தியின் நாக்கு உப்பைத் தேடி வெளியே வந்தது. தலைகூடத் திரும்பியது. கால் மட்டும் நிற்கவில்லை. இக்கரையில் புலிக்கும் எச்சில் ஊறியது. மணி அடித்தால் நரியின் கையில் கறி இருக்கும், இதுதான் அது கற்ற பாடம். இன்று கையில் கறி இல்லை. கை இருந்தது.

மறுநாள் உப்புக்கிடங்குச் சன்னலில் பொன்னாடையும் சான்றிதழுமாக நின்றாள் செவந்தி, நாலு காலும் வெடவெடக்க.

"பயமில்லைன்னு போட்டிருக்கு, இப்படி நடுங்குறியே?" என்றது குரங்கு.

"இதை வாங்கப் போன இடத்துல வந்ததுண்ணே."

குரங்கு தாளைத் திருப்பிப் பார்த்தது. முத்திரை இருந்தது. "சரி, நடுக்கத்துக்கு இதுல கட்டம் இல்லை," என்று உப்புக்கல்லைத் தள்ளிவிட்டது.

வரிசையில் யாரோ சருகை மிதித்தார்கள். செவந்தி ஓடினாள், உப்போடு.

நீதி: தைரியத்தைத் தாளில் எழுதி வாங்கிக்கொள், பயத்தைக் காலிலேயே விட்டுவை.