ஆடாத மாமாக்கள்

"நிறுத்துங்க! எந்த மாமாவும் ஆடக் கூடாது!"

பாட்டு சட்டென்று நின்றது. ஒரே மஞ்சளில் உடுத்திய நாற்பது பேர், தூக்கிய காலைக் கீழே வைக்காமல், படத்துக்கு வந்த தமிழ்ப் பண்பாட்டு ஆலோசகரைப் பார்த்தார்கள். ஒரு இமைகூட அசையவில்லை.

துணை நடிகர்களிடம் இவ்வளவு கட்டுப்பாடா? இந்திப் படத்தில் நம்ம தமிழ்க் கல்யாணம் என்றால் குடும்பமே வரிசை கட்டிக் குதிக்கும். வாயைத் திறந்தால் முதலில் ஒரு "அய்யய்யோ" வரும். இந்தப் படத்திலாவது மானத்தைக் காப்பாற்றத்தான் அவரை வரவழைத்திருந்தார்கள். முதல் நாள் வேலை. கோட்டைவிட்டால் மறுபடி யாரும் கூப்பிடமாட்டார்கள்.

"மாமான்னா ஒரு மூலையில உட்கார்ந்து மூஞ்சியத் தூக்கி வச்சிக்கணும்."

பன்னிரண்டு மாமாக்களும் சத்தமில்லாமல் மூலைக்குப் போனார்கள். பன்னிரண்டு முகங்களும் ஒன்றாகத் தொங்கின. கல்யாணம் இழவு வீடாகிவிட்டது.

"சரி, மத்தவங்களாவது கொஞ்சம் பேசுங்களேன்!"

அத்தனை உதடுகளும் ஒரே நேரத்தில் முணுமுணுத்தன. அது இன்னும் மோசம்.

"பயப்படாம சொல்லுங்க சார்," என்றார் கேமராக்காரர். "காலையிலேருந்து கேமராவுக்காக யார் என்ன சொன்னாலும் செய்றாங்க."

மேடையில் மணப்பெண் அழுதுகொண்டிருந்தாள்.

"கிளிசரின் போதும்மா."

கண்ணீர் நிற்கவில்லை. உதடு அசையாமல் அவள் சொன்னாள்: "சார், நீங்க சொன்னா அப்பா கேப்பாரு. மாப்பிள்ளைய மாத்தச் சொல்லுங்க."

அவர் மாப்பிள்ளையைப் பார்த்தார். கறுப்புக் கண்ணாடி, செதுக்கிய தாடி. பெண் பக்கம் திரும்பாமல் கேமராவையே வெறித்துக்கொண்டிருந்தான். அச்சு அசல் இந்திப் பட மாப்பிள்ளை!

"இவர் வேணாம். நம்ம வீட்டு ஆள் மாதிரி யாராவது வாங்க."

"எனக்கு வேற டேக் உண்டா?" என்றான் மாப்பிள்ளை.

"கூப்பிடுறோம்."

இறங்கிப் போய்விட்டான். கடைசி வரிசையிலிருந்து ஒல்லியாக ஒருவன், எப்போதோ அழைக்கப்பட்டவன்போல எழுந்து நடந்து வந்தான். பெண்ணின் அழுகை நின்றது. அப்பா கேமராவைப் பார்த்துத் தலையாட்டினார். மேடையோரம் உட்கார்ந்திருந்த கல்யாணப் பதிவாளர் பதிவேட்டில் ஒரு பெயரை அடித்து, இன்னொன்றை எழுதினார். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். யாரும் "கட்" சொல்லவில்லை.

'இப்பத்தான் கல்யாணம் மாதிரி இருக்கு' என்று ஆலோசகர் பெருமூச்சு விட்டபோது, படக் கம்பெனி டிரைவர் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"சார், உங்கள எங்கெல்லாம் தேடுறது? நம்ம ஷூட்டிங் மாடியில சார், இது நிஜக் கல்யாணம்!"