கொட்டாவி விட்டதுக்கு என்னைய ஆத்தா ஆக்கிட்டாங்க

அன்பும் பாசமும் நிறைந்த அண்ணன் மகன் ரஞ்சித்குமாருக்கு, இண்டூரிலிருந்து மேனகா அத்தை எழுதுவது. ஓசூரில் நீயும் உன் சம்சாரமும் குழந்தையும் மாரியம்மன் காவலில் நலமாக இருக்க வேண்டுகிறேன். இங்கு உன் மாமா நலம், மாடுங்க நலம், நான்தான் நல்லால்ல. போன்ல சொல்லலாம்னா உன் மாமா ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசுவாரு, தெருவே கேக்கும். அதான் லெட்டரு எழுதி ஓசூர் பஸ் கண்டக்டர்கிட்ட குடுத்தனுப்பறேன். படிச்ச ஒடனே காரெடுத்துட்டு வந்து, செவ்வாக்கெழமைக்குள்ள என்னைய இங்கருந்து கூட்டிட்டுப் போயிரு. இல்லன்னா என்னையத் தீ மிதிக்க வுட்ருவாங்க.

என்ன ஆச்சுன்னா, போன வெள்ளிக்கெழம எனக்குச் சளி. தருமபுரி டாக்டரு குடுத்த மாத்திரையப் போட்டுட்டுக் கோயிலுக்குப் போனேன். அந்த மாத்திர போட்டா நின்ன எடத்துல தூக்கம் வரும். தீபாராதன காட்டறப்ப கண்ணு சொருகி ஒரு கொட்டாவி வந்துது, பின்னாடியே இன்னொன்னு. பூசாரி மாது பாத்துட்டு, "ஏங்க, தீர்த்தம்மாளுக்கும் இப்படித்தாங்க, மொதல்ல கொட்டாவி, பொறவு ஆத்தா"ன்னு கத்தினாரு. தீர்த்தம்மாள்ங்கறது செத்துப்போன எங்க மாமியா. அந்தம்மாவுக்கு மெய்யாலுமே சாமி வரும், நானே கையெடுத்துக் கும்புட்டிருக்கேன். அவ்ளோதான், ஒரு கொடம் மஞ்சத்தண்ணிய எந்தலையில ஊத்திட்டாங்க. சளி புடிச்சவ நடுங்காம என்ன பண்ணுவா. நடுங்கினேன், ஆத்தா எறங்கிட்டாங்கறாங்க. தும்மினேன், ஆத்தா கோவமா இருக்காங்கறாங்க. "வுடுங்கடா எருமைங்களா"ன்னேன், தீர்த்தம்மாளும் டா போட்டுத்தான் பேசும்னு கன்னத்துல போட்டுக்கறாங்க. அதே மூக்குத்தி, அதே மூக்குத்தின்னு ஒருத்தி அழுவறா. அதேதான்டி, அந்தம்மா செத்தப்பக் கழட்டி எனக்குத்தான குடுத்தாங்க.

இந்த ஊருல யாரையும் அவங்களா இருக்க வுடமாட்டாங்க ரஞ்சித்து. எதுத்த வூட்டு அருண்குமாரு மூஞ்சில அரிப்புன்னு ரெண்டு வாரம் சவரம் பண்ணல. அவஞ் சித்தப்பன் தாடி வளத்துச் சாமியாராப் போனவரு. ஒடனே பொண்டாட்டி வூட்டுக்காரங்க டாட்டா ஏஸ்ல வந்து எறங்கி அவனச் சுத்தி உக்காந்துட்டாங்க. பாவம், அரிப்புக்கு மருந்து வாங்கக்கூட வெளிய போவ முடியல.

எங்க மாமியாவுக்கும் எனக்கும் என்ன ஒட்டு சொல்லு. அது நெருப்புல நடந்துட்டு அப்படியே களை வெட்டப் போவும். நான் மத்தியானத்துல தார் ரோட்டுல செருப்பில்லாம நிக்க மாட்டேன். சாமி கும்புடறது வேற, சாமியாவே ஆவறது வேற, அது எவனுக்குப் புரியுது. மேக்காலத் தெரு பச்சியப்பன் வந்து, "காட்டுல தண்ணிக்குப் போர் போடலாமா ஆத்தா"ன்னு கேட்டான். எனக்கென்ன தெரியும், எந்திரிச்சு வூட்டப் பாத்துப் போன்னேன். ஆத்தா வேணாம்னு சொல்லிட்டாளாம்னு, திருச்செங்கோட்டுல இருந்து வந்த போர் வண்டியத் திருப்பி அனுப்பிட்டான். பக்கத்துக் காட்டுக்காரன் அதே வண்டிய மடக்கித் தங்காட்டுல போர் போட்டான், தண்ணி பொத்துக்கிட்டு வந்துது. இப்ப பச்சியப்பன், எம்மேல என்ன கோவம் ஆத்தான்னு தெனம் வந்து நிக்கறான்.

உன் மாமா அதுக்கும் மேல. முப்பது வருசமா "ஏய்"னு கூப்புட்ட மனுசன், இப்ப "சாப்புடறீங்களா"ங்கறாரு. கட்டலத் தூக்கி மாட்டுக்கொட்டாயில போட்டுக்கிட்டாரு. "உங்கம்மா சாமியாடறப்ப உங்கப்பன் எங்கய்யா படுத்தாரு"ன்னு கேட்டேன். "மாட்டுக்கொட்டாயிலதாங்க"ங்கறாரு.

வர்ற செவ்வாக்கெழம மொத ஆளா நான் குண்டத்துல எறங்கணுமாம். எனக்குச் சக்கரை, கால்ல பித்தவெடிப்பு. நீ வந்து, "எங்க அத்தைக்கு எந்தக் காலத்துலயும் சாமி வந்ததில்ல, எங்க வம்சத்துலயே இல்ல"ன்னு நாலு பேரு கேக்கச் சொல்லி, வண்டியில ஏத்திட்டுப் போயிரு.

உன் சம்சாரத்துக்கும் குழந்தைக்கும் என் ஆசீர்வாதம். அத்தையாக் குடுக்கற ஆசீர்வாதந்தான், வேற ஒன்னுமில்ல.

இப்படிக்கு,
உன் அத்தை மேனகா

பின்குறிப்பு: லெட்டர ஒட்டறதுக்குள்ள பக்கத்துத் தெரு கருப்பண்ணன் தம் மவ கலைமதிய இழுத்துட்டு வந்துட்டான். புள்ளைக்குத் தருமபுரில நர்சிங் சீட்டு கெடச்சிருக்கு. இவன் பென்னாகரத்துல மாப்பிள்ள பாத்து வெச்சிருக்கான். "எந்தங்கச்சி காலேஜுக்குப் போறேன்னு போயி ஒருத்தனோட ஓடிட்டா. இவளுக்கும் அதே நடை, அதே சிரிப்பு. தாலியக் கட்டி அனுப்பிரலாமா ஆத்தா"ங்கறான். அந்தப் புள்ள எம் மூஞ்சியவே பாத்துட்டு நிக்குது. நான் மாத்திரயும் போடல, தூக்கமும் வரல. மூனு கொட்டாவி விட்டேன். கொண்டையப் பிரிச்சு வுட்டு, "படிக்க வைடா, இல்லன்னா உன் வூட்டுக்கு அம்மையா வருவேன்"னேன். கருப்பண்ணன் குப்புற வுழுந்துட்டான். உள்ள போயி மாரியாத்தா படத்துக்கு முன்னாடி, நீ ஒன்னும் சொல்லல தாயே, நாந்தான் சொன்னேன், பாவம்னா எந்தலையில போடுன்னு சொல்லிட்டேன். இனி நெருப்பு மிதிக்கலன்னா அவனுக்குச் சந்தேகம் வந்துரும், எறங்கித்தான் ஆவணும். வெடிப்புக்குக் களிம்பு தடவிட்டிருக்கேன்.

அதனால நீ செவ்வாக்கெழம வராத, புதன்கெழம காரெடுத்துட்டு வா. கலைமதியக் காலேஜுல சேக்கப் போவணும். அவங்கப்பன் முன் சீட்டுல உக்காருவான். கேட்டான்னா, எங்க அத்தைக்குச் சின்ன வயசுலருந்தே சாமி வரும்னு சொல்லிரு.