கை நனைத்த வீடு

பெண் தேடும் காலத்தில் எந்த ஆண்பிள்ளையும் பொய் சொல்வதில்லை. தூரத்தில் இருப்பதைக் கொஞ்சம் பக்கத்தில் இழுத்து வைத்துச் சொல்கிறான், அவ்வளவுதான். நானும் அப்படித்தான் ஒரு மார்க்கெட்டையும் பள்ளிக்கூடத்தையும் ஆஸ்பத்திரியையும் பூங்காவையும் இழுத்துக்கொண்டு வந்து எங்கள் வீட்டு வாசலில் வைத்தேன்.

எண்பதுகளின் கடைசி. இராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் எனக்கு மெயின்டனன்ஸ் வேலை. அப்பா நான் படிக்கும்போதே தவறிவிட்டார். நானும் அம்மாவும் ஊருக்கு மேற்கே, மலையைப் பார்த்துப் புதிதாகப் போட்டிருந்த செண்பக நகரில் ஒரு வீட்டுக்குக் குடிபோனோம். எல்லா வீடுகளையும் ஒரே ஆள் கட்டியிருந்தார். அதே பச்சை கேட், அதே தாமரைப்பூ கிரில், அதே சிவப்புத் தரை. தெருவுக்குப் பெயர் கிடையாது, வீட்டுக்கு நம்பர் கிடையாது. குடிவந்த புதிதில் ஷிப்ட் முடிந்து வந்த நானே வேறு யார் வீட்டுக்குள்ளோ போய் உட்கார்ந்து, "அம்மா, காபி" என்று கேட்டிருக்கிறேன். (கொடுத்தார்கள். குடித்த பிறகுதான் அது எங்கள் காபி இல்லை என்று தெரிந்தது.)

வீடு விற்றவர் வந்தவர்களிடம் எல்லாம் சொன்ன வாசகம் ஒன்றுதான்: "எல்லாம் நடக்குற தூரந்தான் சார்." அதைப் பொய் என்று சொல்ல முடியாது. மனிதன் காசிக்கே நடந்து போயிருக்கிறானே.

ஸ்ரீவில்லிபுத்தூரில் செல்வியைப் பெண் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவளுக்கும் பிடித்திருப்பதாகத் தரகர் சொன்னார். ஆனால் அவளுடைய பெரியப்பாவுக்கு ஒரு சந்தேகம். தேரடிக்குப் பக்கத்தில், கூப்பிட்டால் கடைக்காரர் வந்து நிற்கிற தெருவில் வளர்ந்த பெண். அவளை எங்கோ காட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிடுவானோ இந்தப் பையன்? ஏற்கெனவே இரண்டு குடும்பத்தார் எங்கள் வீட்டைப் பார்க்க வந்து, பஸ் நிறுத்தத்தில் நின்று நாலு பக்கமும் பார்த்துவிட்டு, அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிப் போயிருந்தார்கள். இதுவும் தட்டிப்போனால் என் கதி என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருந்தது. ஆகவே தரகரிடம் நானும் அந்த வாசகத்தையே சொல்லி அனுப்பினேன்.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தால் பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டார்கள். எல்லாம் பிடித்திருந்தால்தான் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அதற்குப் பெயர் கை நனைப்பது. கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதற்குப் பிறகு பேச்சு மாறக்கூடாது.

நல்ல வெயில் நேரத்தில் வந்து இறங்கினார்கள். பெரியப்பா, செல்வியின் அப்பா, அம்மா, இன்னும் இரண்டு பெண்கள். எல்லோரும் பட்டுக் கட்டியிருந்தார்கள். "நாலாவது தெரு, மூணாவது வீடு, பச்சை கேட்டு" என்று பஸ் நிறுத்தத்திலேயே பெருமையாகச் சொன்னேன். நேராக அழைத்துப் போயிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. ஆனால் விதி யாரை விட்டது? முதலில் வசதிகளைக் காட்டிவிடலாம் என்று தோன்றியது.

"பூங்கா எங்க தம்பி?" என்றார் பெரியப்பா.

"இதுதான் மாமா." (அதற்குள் மாமா!)

"இது ஆடுல்ல?"

"ஆடு பூங்காவுக்குள்ள படுத்துருக்கு மாமா."

பள்ளிக்கூடம் என்று நான் காட்டிய இடத்தில் நாலு குச்சி நட்டுக் கயிறு கட்டியிருந்தது. மார்க்கெட்டில் காலையில் கீரைக்காரி விட்டுப்போன சாக்கு கிடந்தது. ஆஸ்பத்திரிக்கு வேறு வழியில்லாமல், தலைவலி மாத்திரை விற்கிற பெட்டிக்கடையைக் காட்டினேன். அதுவும் பூட்டியிருந்தது. பெரியப்பா மேல்துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் எம்புட்டுத் தூரம்?" என்றார். "செத்த நேரந்தான் மாமா" என்று அவர்களை மலைப்பக்கம் இன்னும் கொஞ்சம் நடத்தினேன்.

அப்போதுதான் அது வந்தது. பால் வெள்ளையில், ஒட்டிய வயிறும் நீண்ட காலுமாக, ஒரு ராஜபாளையம் நாய். ஊருக்கே பெருமை சேர்க்கிற ஜாதி. எனக்கு மட்டும் சிறு வயதிலிருந்தே அந்தப் பெருமையைப் பார்த்தால் தொடை நடுங்கும். "யாரும் பயப்படாதீங்க! யாரும் ஓடாதீங்க!" என்று கத்தினேன். யாரும் ஓடவில்லை, என்னைத் தவிர. திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடியதில், பாதி கட்டிய ஒரு வீட்டின் முன்னால் செங்கல் நனைக்க வைத்திருந்த தொட்டிக்குள் தலைகுப்புற விழுந்தேன். (பெரியப்பா ஒரே ஓர் அதட்டல் போட்டாராம். நாய் வாலை ஆட்டிக்கொண்டு போய்விட்டதாம். அன்று இரண்டு பேரைப் பற்றியும் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். நாயைப் பற்றி நல்ல முடிவு.)

தொட்டியிலிருந்து எழுந்து பார்த்தால் யாரையும் காணோம். வீட்டுக்கு ஓடினேன். அம்மா கேசரி கிளறி வைத்துவிட்டு, வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"எங்கலே அவுக?"

"இங்க வரலையா?"

இரண்டு பேரும் பஸ் நிறுத்தத்துக்கு ஓடினோம். அங்கும் இல்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நல்ல வேளை, முகம் ஏற்கெனவே நனைந்திருந்தது. வழியில் ஒரு கொத்தனார்தான், "பட்டுச்சேலை கட்டுனவுகளா? அந்தப் பக்கத்துத் தெருவுல போனாகளே" என்று கையைக் காட்டினார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் ரோட்டுப் பக்கமிருந்து எண்ணி நாலாவது தெரு என்று சொல்லியிருந்தேன். அவர்களை மலையடிவரை நடத்திக் கொண்டுபோய்விட்டதால், அவர்கள் அந்தப் பக்கமிருந்து எண்ணிவிட்டார்கள். அங்கேயும் நாலாவது தெரு இருந்தது. மூன்றாவது வீடு இருந்தது. பச்சை கேட்டும் இருந்தது.

அந்த கேட்டுக்குப் பக்கத்தில் போனதும் அம்மா நின்றுவிட்டாள்.

"ஏலே, இது ரங்கம்மா வீடுல்ல?"

ரங்கம்மாவை எனக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும். போன வாரம் குழாயடியில் யார் குடம் முன்னால் என்று இருவருக்கும் நடந்த சண்டையில் தெரு முழுக்கக் கூடியிருந்தது.

உள்ளே எட்டிப் பார்த்தேன். கூடத்தில் வரிசையாக வாழையிலை. பச்சைத் தண்ணீர்கூடத் தொடக்கூடாத பெரியப்பா சாம்பார் சோற்றை முடித்துவிட்டு ரசத்துக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாக, "வாங்க மாப்ளே! நீங்க காட்டுன பூங்காவப் பாத்து அப்படியே திரும்பிப் போயிருவோம்னுதான் நெனச்சேன். வாசல்ல நின்னதுமே உங்க அம்மா வாங்கன்னு கூப்பிட்டு, கால் கழுவத் தண்ணி குடுத்து, ஒரு வார்த்தை கேக்காம எலையப் போட்டாக பாருங்க, இந்த மாதிரி மனுசி இருக்குற வீட்டுல எங்க பிள்ளை நல்லா இருக்கும். அதான் கையை நனைச்சுட்டோம்" என்றார்.

என் அம்மா எனக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தாள்.

"மாமா... எங்க அம்மா இவுக" என்றேன்.

செல்வியின் அம்மாவுக்கு வாயில் வைத்த கவளம் இறங்கவில்லை. பெரியப்பா கையை இலையிலிருந்து எடுத்தார். கரண்டியோடு நின்ற அந்த அம்மாளைப் பார்த்து, "அப்ப நீங்க யாரு?" என்றார்.

"நான் ரங்கம்மா" என்றார் அவர். "நீங்க யாரு?"

"யாருன்னு தெரியாமலா சோறு போட்டீக?"

"சாப்பாட்டு நேரத்துல வெயில்ல வாடி வந்து நிக்கிறவுகள யாரு எவருன்னு வெசாரிச்சுட்டா எலை போடுவாக?"

பெரியப்பாவுக்கு அது காதில் ஏறவில்லை. "வீடு மாறிக் கை நனைச்சாச்சு. இது பெரிய தடை. இந்தச் சம்பந்தம் வேண்டாம், எந்திரிங்க எல்லாரும்" என்று எழப்போனார். செல்வியின் அப்பா பாவம், இலையில் மிச்சமிருந்த அப்பளத்தைப் பார்த்துக்கொண்டே எழுந்தார். எல்லாம் முடிந்துபோய்விட்டது, அதுவும் என் வாயால் முடிந்துபோய்விட்டது என்று நினைத்தேன்.

"உக்காருங்க" என்றார் ரங்கம்மா. சத்தம் ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனாலும் உட்கார்ந்துவிட்டார்கள்.

"இந்த வீட்டுல கை நனைச்சீக. இந்த வீட்டுக்குச் சம்மதம் சொன்னீக. சரிதானா?"

"சரி. ஆனா..."

"எனக்கு மூணும் பொண்ணு. கொள்ளி வைக்க ஒருத்தன் இல்லையேன்னு எங்க வீட்டுக்காரரு சொல்லிக்கிட்டே இருப்பாரு. இன்னையிலருந்து இந்தப் பய என் மகன். நீங்க என் மகனுக்குத்தான் கை நனைச்சிருக்கீக. இப்ப எங்க இருக்கு தடை?"

பிறகு என் அம்மாவைப் பார்த்தார். "என்ன மதினி, உங்களுக்குச் சம்மதந்தானே? குடத்துச் சண்டைய அப்புறம் பாத்துக்கிடலாம்."

அம்மா விறுவிறுவென்று வெளியே போனாள். கோபித்துக்கொண்டு போகிறாள் என்றுதான் நினைத்தேன். திரும்பி வந்தபோது இடுப்பில் கேசரிச் சட்டி இருந்தது. பெரியப்பா இலையிலிருந்து ஆரம்பித்து வரிசையாகப் பரிமாறிக்கொண்டே போனாள். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"ஏலே, கோழி கணக்கா நனைஞ்சுபோய் நிக்காத. வந்து உக்காரு" என்று ரங்கம்மா எனக்கும் ஓர் இலை போட்டார். சேறும் சகதியுமாக உட்கார்ந்தேன். எல்லோரும் பெரியப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் நெடுநேரம் இலையைப் பார்த்தார். ரசத்துக்குத் தோண்டிய குழி அப்படியே இருந்தது.

"ரசம் விடுங்க தாயி" என்றார்.

என் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குத் தாய் ஸ்தானத்தில் இரண்டு பேர் நின்றார்கள். செல்விக்கு இரண்டு மாமியார். அம்மா இருந்தவரை குழாயடிச் சண்டையும் ஓயவில்லை, குழம்பு கிண்ணம் போய்வருவதும் ஓயவில்லை. என் மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் விடியவிடிய உட்கார்ந்திருந்தவர் ரங்கம்மா அம்மாதான். ஒரு வேளைச் சோற்றால் எனக்கு ஒரு குடும்பத்தையே கொடுத்தவர் அவர். அதற்கு நன்றி சொல்லி மாளாது. சொல்லப் போனாலும், "போலே, வேலையப் பாரு" என்பார்.

செண்பக நகரில் இப்போது பூங்கா இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது, மார்க்கெட் இருக்கிறது. அன்று நான் அளந்ததெல்லாம் ஒவ்வொன்றாக வந்துவிட்டது. ஆனாலும் எனக்கும் செல்விக்கும் சண்டை முற்றினால், அவள் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகிறேன் என்று மிரட்டுவதில்லை. "எங்க பெரியப்பா கை நனைச்ச வீட்டுக்குப் போறேன், நடக்குற தூரந்தான்" என்று பச்சை கேட்டைப் படாரென்று சாத்திக்கொண்டு போவாள்.

கொஞ்ச நேரத்தில் ரங்கம்மா அம்மாவிடமிருந்து எனக்கு ஆள் வரும். "ஒம் பொண்டாட்டி சாப்பிட்டுக்கிட்டு இருக்கா. உனக்கும் எலை போட்டாச்சு, வந்து உக்காருவியாம். வழியில நாய் இல்லையாம்."