தங்கச்சி எடை நாற்பத்தைந்து

மதிப்பும் எடையும் மிகுந்த மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கச்சியிடம் ஆயுள் தண்டனை அனுபவித்து வரும் மாப்பிள்ளை வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான் நலம், என் கடைத் தராசு நலம், உங்கள் தங்கச்சி நலத்துக்கும் ஒரு படி மேலே. அங்கே வீட்டில் எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் மனமொத்துப் பிரிந்துவிட்டோம் என்பது உங்களுக்குத் தெரியும். பிழை இருந்தால் கடிதத்தை எடைக்குப் போட்டுவிடுங்கள்.

ஏழு மாதத்துக்கு முன்னால் வந்தபோது நீங்கள் சொன்னதை நீங்கள் மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. நான் வேலை பார்க்கும் பழைய இரும்புக் கடைக்குள் நுழைந்து, மூட்டை நிறுக்கும் தராசில் முதலில் நீங்களே ஏறி, "எண்பத்தொண்ணு! பாத்தீங்களா மாப்பிள்ளை, இது உடம்பு!" என்று மார்தட்டிவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்ற தங்கச்சியை ஏற்றினீர்கள். முப்பத்தாறு. அப்போது உங்கள் முகம் போன போக்கு இருக்கிறதே! "நாங்க ஒரு ஆளை அனுப்பினோம், நீங்க குச்சியைக் காட்டறீங்க. அடுத்த தடவை வரும்போது நாப்பத்தஞ்சு இல்லைன்னா கையோட கூட்டிட்டுப் போயிடுவேன்" என்றீர்கள். நான் வழக்கம்போலச் சிரித்தேன். சிரிப்பு உதட்டோடு சரி, உள்ளே போகவில்லை.

நீங்கள் போன வாரமே டாக்டரம்மாவிடம் ஓடினோம். ஊசி குத்தி ரத்தம் எடுத்து, வாய் வழியாகக் குழாய் விட்டுக் குடலைப் பார்த்து, "கோதுமையில குளூட்டன்னு ஒண்ணு இருக்கு, அதுதான் இவங்களுக்கு ஆகலை. பிஸ்கட்டு, ரொட்டி எதுவும் கூடாது. பாக்கெட்ல என்ன போட்டிருக்குன்னு படிச்சுப் பாத்து வாங்குங்க" என்றார். நானும் மறுநாளே பெரிய கடைக்குப் போய் ஒவ்வொரு பாக்கெட்டாகப் படித்தேன் மச்சான். என்ன அநியாயம்! பாதி பாக்கெட்டில் கொட்டை எழுத்தில் 'குளூட்டன் ஃப்ரீ' என்று போட்டிருக்கிறான். ஆகாத சாமானை இலவசமாக வேறு தலையில் கட்டுகிறானே என்று அதையெல்லாம் அப்படியே வைத்துவிட்டு, அந்த எழுத்தே இல்லாத பிஸ்கட்டாகப் பொறுக்கி எடுத்து வந்து மூன்று வேளையும் கொடுத்தேன். ஒரு மாதத்தில் முப்பத்துநாலு. "டாக்டரம்மா சொன்னபடிதானே குடுக்கறேன்?" என்று நான் கேட்க, "நீங்க குடுக்கறதைத்தானே திங்கறேன்?" என்று அவள் கேட்டாள்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு அதிசயம் நடந்தது. ஒரே வாரத்தில் முப்பத்தேழு! நான் துள்ளிக் குதித்தேன். அவள் தராசிலிருந்து இறங்கினாள், டங்கென்று ஒரு சத்தம். பார்த்தால் புடவை மடிப்பிலிருந்து விழுந்து கிடக்கிறது கடை ஷட்டரின் பூட்டு. இடுப்பைத் தடவினால் இன்னும் இரண்டு. "ஏன்டி, எங்கிட்டயே எடையில ஏமாத்தறியா?" என்றேன். "அண்ணன் கூட்டிட்டுப் போயிட்டா நீங்க யாரைக் கிண்டல் பண்ணுவீங்க? செவுத்தையா?" என்றாள். பூட்டு மூன்றையும் எடுத்துத் துடைத்து மாட்டிவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலமே மறுபடி பெரிய கடைக்குப் போனேன். நான் ஒரு பாக்கெட்டை எடுத்துப் படித்துவிட்டு முகத்தைச் சுளித்து வைப்பதைப் பார்த்த கடைப்பெண், "ஏண்ணே, அது நல்லாத்தான் இருக்கும்" என்றாள். "குளூட்டனை ஃப்ரீயா குடுத்தா யாரும்மா வாங்குவா?" என்றேன். "ஐயோ அண்ணே, ஃப்ரீன்னா அதுல இல்லைன்னு அர்த்தம்." "அப்போ போன மாசம் சோப்புக்கு டப்பா ஃப்ரீன்னு எழுதியிருந்தீங்களே?" "அது குடுத்தோமே." "அதைத்தாம்மா நானும் சொல்றேன்!" அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் பக்கத்து வரிசையிலிருந்தவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். அவமானம்தான், ஆனால் இரண்டு பை நிறைய வாங்கி வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு என்ன சொல்ல! முதலில் வயிற்று வலி போனது, அப்புறம் தூக்கம் வந்தது, அப்புறம் பசி வந்தது. என் தட்டையும் சேர்த்துப் பார்க்கிற பசி. கன்னத்தில் சதை வைத்துச் சிரித்தால் குழி விழுகிறது, எனக்கே புதுசாக இருக்கிறது. இரண்டு ஊக்கு குத்திப் போட்ட ஜாக்கெட்டெல்லாம் இப்போது மூச்சு முட்டுகிறது, பக்கத் தையலைப் பிரித்து விட்டாயிற்று. முன்பெல்லாம் என்னைத் திட்டும்போது பாதியிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவாள், மீதி மறுநாள்தான் கிடைக்கும். இப்போது முழுத் திட்டும் ஒரே மூச்சில் வந்துவிடுகிறது. வீட்டிலிருந்த பழைய பிஸ்கட்டையெல்லாம் எறிய மனமில்லாமல் நானே தின்று தீர்த்ததில் என் பெல்ட்டிலும் இரண்டு ஓட்டை கூடுதலாகப் போட வேண்டியதாயிற்று, அந்தக் கதை இப்போது வேண்டாம். நேற்று உங்கள் தங்கச்சியைத் தராசில் ஏற்றினேன். பூட்டு, சாவி, செருப்பு எதுவும் இல்லை, நானே சோதித்தேன். நாற்பத்தைந்து! எனவே மச்சான், அடுத்த மாதம் தாராளமாக வாருங்கள், சாப்பிடுங்கள், வந்தபடியே தனியாகத் திரும்பிப் போங்கள்.

பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு என் முத்தம், உங்களுக்கு என் வெற்றிச் சிரிப்பு.

இப்படிக்கு,
நாற்பத்தைந்து கிலோவின் உரிமையாளர்

பின்குறிப்பு: கடிதத்தை மடித்துக்கொண்டிருக்கும்போதே தராசுக்கு முத்திரை போடும் ஆபீசர் வந்துவிட்டார். எடைக்கல்லை வைத்துப் பார்த்துவிட்டு, பத்துக்கு ஒரு கிலோ குறைத்துக் காட்டுகிறது என்று தராசை மூடி சீல் வைத்துவிட்டார். எங்கள் முதலாளி முகத்தைப் பார்க்க முடியவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். உங்கள் தங்கச்சி அன்றைக்கே முப்பத்தாறு இல்லை, நாற்பது. இப்போது ஐம்பது. விஷயத்தைச் சொன்னதும், "ஐயையோ அம்பதா! நாளையிலேர்ந்து உடம்பைக் குறைக்கணும்" என்கிறாள். இவ்வளவு நாள் நான் பட்ட பாடு எனக்கும் பூட்டுக்கும்தான் தெரியும். அது கிடக்கட்டும் மச்சான், அன்றைக்கு எண்பத்தொன்று என்று மார்தட்டினீர்களே, அது தொண்ணூறு. பயந்துபோய் நீங்களும் கோதுமையை நிறுத்திவிடாதீர்கள், நிறுத்தினவள்தான் பத்து கிலோ ஏறியிருக்கிறாள்.