சாந்தியின் ஆபரேஷனும் என் மூன்று தையலும்

ரத்தத்தைக் கண்டால் பொத்தென்று விழுகிற ஆள் நான். கறிக்கடையில்கூட முதுகைக் காட்டித்தான் நிற்பேன். இதைக் கல்யாணத்துக்கு முன்பே சாந்தியிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

கோத்தகிரிப் பக்கம் ஒரு டீ ஃபாக்டரியில் கிளார்க் வேலை எனக்கு. சாந்திக்குச் சினைப்பையில் கட்டி என்று கோயமுத்தூர் போனோம். வயிற்றில் மூன்று சின்னத் துளை போட்டு, கேமராவை விட்டுப் பார்த்து எடுத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் வீடு. ஒரு மாதம் குடம் தூக்கவே கூடாது என்றார் டாக்டர். (எங்கள் குவார்ட்டர்ஸில் குழாய் கீழே, வீடு நாற்பது படி மேலே.)

என் அம்மா நம்பவில்லை. "கொசு கடிச்சாப்பல மூணு ஓட்டை. எனக்குக் கர்ப்பப்பை எடுத்தப்ப வவுறு பூராத் தையலு. இதுக்குப் போயி ஒரு மாசம் படுக்கோணுமா?"

பார்க்க வந்த அக்கம்பக்கத்து அக்காக்களும் தலையாட்டினார்கள். மறுநாளே சாந்தி குடத்தை எடுத்தாள். பிடுங்கி வைத்தேன். எத்தனை நாள் பிடுங்க முடியும்? நான் வேலைக்குப் போக வேண்டுமே.

ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் வீடியோவை பென் டிரைவில் கொடுத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் அக்காக்களையும் உட்கார வைத்து டி.வி.யில் செருகினேன். விளக்குமாற்றுக் குச்சியால் தொட்டுக் காட்டி வகுப்பும் எடுத்தேன்.

"நல்லாப் பாத்துக்குங்க. இதுதான் அந்தக் கட்டி."

"ஏனுங்க, அது என்னோட கர்ப்பப்பைங்க."

உள்ளே தூங்கிக்கொண்டிருந்த சாந்திதான், எழுந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "கட்டி இனித்தான் வரும். போடறதுக்கு முன்னால என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்க."

கேட்கத் தோன்றவே இல்லை. இன்றைக்கும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

கட்டி வந்தது. கத்தரியும் வந்தது. திரை சிவந்தது. அதற்குப் பிறகு எனக்கு நினைவிருப்பது டீப்பாயின் மூலை மட்டும்தான்.

ஃபாக்டரி ஜீப்பில் ஏற்றிப்போய் நெற்றியில் மூன்று தையல் போட்டார்கள். சாந்திக்கு வராத ஆரஞ்சுப் பழமெல்லாம் எனக்கு வந்தது. நான் விழுந்த பிறகும் வீடியோவைக் கடைசிவரை பார்த்தது அம்மா ஒருத்திதானாம். மறுநாள் காலையில் அவளே குடத்தோடு படி இறங்கினாள். "ஒரு மாசத்துக்கு அவ இதைத் தொடப்படாது" என்றாள்.

தழும்பு இருக்கிறது. யாராவது கேட்டால் நான் வாயைத் திறப்பதற்குள் சாந்தி முந்திக்கொள்வாள்.

"மயக்க மருந்து குடுத்தது எனக்கு. மயங்கி விழுந்தது இவருங்க."